ஒன்பது உயிர் வேண்டுமோ?

உயிர் ஒன்றே என்று அறிந்தவன் அதனை எவ்வாறு போற்றுவான்? உயிர் பல உண்டு என்று நம்புகிறவன் அதனை எவ்வாறு செலவிடுவான்? இவ்விரு வினாக்களும் நமக்கு வெறும் தத்துவ விசாரணைகள் அல்ல. பிறவியின் பேரால் இழிவு சுமத்தப்பட்டு, அவ்விழிவை உதறித் தம்மத்தைச் சரணடைந்த மக்கள் நாம். பிறப்பு, இறப்பு, மறுபிறப்பு என்னும் சொற்களை ஏனையோர் போல எளிதிற் கடந்து செல்ல நம்மால் இயலாது.

இவ்வினாக்களை இப்பொழுது எழுப்புவதற்கு ஒரு சித்திரத் திரைப்படம் காரணமாயிற்று. கார்ட்டூன் என்று பெரியோர் ஒதுக்கும் இத்தகைய படங்களை நம் சிறார் நாள்தோறும் காண்கின்றனர். காட்கோபரின் ஒற்றையறைக் குடியிருப்புகளிலும் இன்று கைபேசி வழியே உலகத்துக் கதைகள் வந்து சேர்கின்றன. சிறார் கேட்கும் கதையை அசட்டை செய்வது பௌத்த மரபன்று. குரங்கும் அன்னமும் யானையும் மானும் பேசும் கதைகளைக் கொண்டே பேரறங்களைப் புகட்டியது நம் ஜாதக மரபு. ஆகவே ஒரு பூனையின் கதையை நாம் ஆராயப் புகுவதில் குறையொன்றும் இல்லை.

பூனையின் வரலாறு

காலணி பூண்ட பூனையின் கதை ஐரோப்பாவில் பழமையானது. பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைத் தொகுதியால் அது பெரும் புகழ் எய்திற்று. மாவாலைக்காரன் ஒருவனுடைய இளைய மகனுக்குத் தந்தையின் சொத்தில் ஒரு பூனை மட்டுமே கிடைக்கிறது. அப்பூனை ஒரு பையும் ஒரு சோடிக் காலணியும் கேட்டுப் பெற்று, தன் சூழ்ச்சித் திறத்தால் அவனைப் பிரபுவாக்கி, அரசன் மகளை மணமுடித்தும் வைக்கிறது. பயன் பெறுகிறவன் அவன். பூனையோ அவனுக்குத் துணை நிற்பது.

2004ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஷ்ரெக் 2' என்னும் அமெரிக்கச் சித்திரப் படத்தில் இப்பூனை மீண்டும் தோன்றிற்று. பச்சை நிறப் பூதமாகிய ஷ்ரெக்கைக் கொல்லக் கூலிக்கு அமர்த்தப்பட்டு வந்து, பின்னர் அவனுக்கே தோழனாயிற்று. மக்கள் அதனை மிக விரும்பினர். எனவே 2011ஆம் ஆண்டில் 'புஸ் இன் பூட்ஸ்' என்ற தனிப்படமும், 2022ஆம் ஆண்டில் ஜோயல் கிராபோர்ட் இயக்கத்தில் 'புஸ் இன் பூட்ஸ்: த லாஸ்ட் விஷ்' என்ற அடுத்த படமும் வந்தன. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது படத்தையே. சிறந்த சித்திரப் படத்திற்கான ஆஸ்கார் பரிசுக்கு இது பரிந்துரை பெற்றது.

பூனைக்கு ஒன்பது உயிர் என்பது ஆங்கிலேயர் வழக்கு. ஸ்பானியர் ஏழு என்பர். படத்தில் இந்தப் பூனை வாள்வீரன், புகழ் விரும்பி, களியாட்டத்தில் திளைப்பவன். ஊரார் நடுவே பெரும்பூதம் ஒன்றோடு பொருது வென்ற அன்றே, கோயில் மணி மேலே விழுந்து மாண்டு போகிறான். மீண்டும் கண் விழிக்கும்போது, இதுவரை எத்தனை முறை மாண்டாய் என்று மருத்துவர் வினவுகிறார். எண்ணிப் பார்த்தால் எட்டு. காளைகளின் முன் ஓடி ஒரு முறை, பீரங்கியினின்று பாய்ந்து ஒரு முறை, சீட்டாட்டத்தில் ஏமாற்றி ஒரு முறை என, யாவும் வீம்பினால் விளைந்த சாவுகளே. எஞ்சியது ஒன்று.

அவ்வேளையில் இரு அரிவாள்களோடு ஓர் ஓநாய் அவன் முன் தோன்றுகிறது. வாழ்வில் முதன்முறையாக அவன் மயிர் சிலிர்க்கிறது. வாளைப் போட்டுவிட்டு ஓடுகிறான். அவ்வோநாயே மரணம் என்பது பின்னரே அவனுக்குத் தெரிய வருகிறது. தன் தொப்பியையும் காலணியையும் குழியில் புதைத்து, பூனைகளை வளர்க்கும் ஒரு மூதாட்டியின் வீட்டில் ஒளிகிறான். பிறகு, கேட்டதைத் தரும் நட்சத்திரம் ஒன்று இருளடர்ந்த காட்டில் விழுந்து கிடப்பதை அறிந்து, இழந்த எட்டு உயிர்களையும் திரும்பக் கேட்பதற்காகப் புறப்படுகிறான். அவனோடு கிட்டி என்னும் பழைய தோழியும், பெயரில்லாத ஒரு சிறு நாயும் செல்கின்றனர். முடிவில் நட்சத்திரத்தின் மேல் நின்றும் அவன் அவ்வுயிர்களைக் கேட்கவில்லை. எஞ்சிய ஓர் உயிரோடே ஓநாயை எதிர்கொள்கிறான். அகந்தை பிடித்த ஒருவனைக் கொல்ல வந்த ஓநாய், அவன் இப்பொழுது அங்கே இல்லை என்று கண்டு, பிறிதொரு நாள் சந்திப்போம் என்னும் குறிப்போடு அகன்றுவிடுகிறது.

வீணடித்தலும் பதுக்குதலும்

இக்கதையில் உயிரைப் பற்றிய இரு பிழைகள் காட்டப்படுகின்றன. முதலாவது வீணடித்தல். எட்டு உயிர்களை அவன் இழந்தான் என்பதைவிட எறிந்தான் என்பதே பொருந்தும். இன்னும் இருக்கிறது என்ற எண்ணமே அவனை எறியச் செய்தது.

பகவான் புத்தர் மூவகைச் செருக்கினைக் கூறியுள்ளார். இளமையால் வரும் செருக்கு, உடல்நலத்தால் வரும் செருக்கு, உயிரோடிருத்தலால் வரும் செருக்கு என்பன அவை. மூன்றாவதாகிய ஜீவித மதம் மிக நுண்ணியது. பிறர் சாவதை நாள்தோறும் கண்டும், நான் மட்டும் சாகேன் என்பது போல நடப்பதே அது. இதற்கு ஒன்பது உயிர் வேண்டியதில்லை. ஓர் உயிருள்ள மாந்தருக்கும் இச்செருக்கு உண்டு. குடியில் மாதச் சம்பளத்தைக் கரைக்கும் இளைஞனும், மனைவி மக்களோடு நல்லுரை பேசுவதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவைக்கும் தந்தையும், தமக்கு இன்னும் எட்டு உயிர் இருப்பதாகவே எண்ணுகின்றனர். தம்மபதத்தின் இரண்டாம் அதிகாரம் முழுமையும் விழிப்புடைமையைப் பற்றியதாக அமைந்தது காரணமின்றியன்று.

இரண்டாவது பிழை பதுக்குதல். மூதாட்டியின் வீட்டில் ஒளிந்த பூனைக்கு உணவுண்டு; இடமுண்டு; ஆபத்து ஒன்றுமில்லை. ஆயினும் அங்கு அவன் வாழவில்லை. சாகாமல் இருக்கிறான், அவ்வளவே. வீணடித்தவன் உயிரைத் துரும்பாக எண்ணினான். பதுக்கியவன் அதனைப் புதையலாக எண்ணினான். இருவரும் ஒருவனே என்பதே கருதத்தக்கது. களியாட்டமும் அச்சமும் எதிரெதிரானவை அல்ல. ஒரே அறியாமையின் இரு முகங்கள். இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள வழியைத் தேடுவதே பௌத்தனின் கடமை.

அவ்வழி மரணத்தை நினைந்திருத்தலில் தொடங்குகிறது. மரணானுஸ்ஸதி என்று நம் நூல்கள் கூறும் இத்தியானத்தைச் சோர்வூட்டும் பயிற்சி என்று சிலர் பிறழ உணர்வர். சோர்வு, மரணத்தை மறந்திருந்தவன் அதனைத் திடீரெனக் காணும்போது வருவது. நாள்தோறும் நினைப்பவனுக்கு அது வருவதில்லை. பூனையின் அச்சம் மரணத்தினால் வந்ததன்று. எட்டு முறை மாண்டும் மரணத்தை ஒருமுறையேனும் நினையாமையால் வந்தது.

நட்சத்திரமும் சம்பாபதியும்

இழந்த உயிரை வரமாகக் கேட்கும் நிகழ்ச்சி தமிழ்ப் பௌத்தருக்குப் புதிதன்று. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டினைச் சார்ந்த சக்கரவாளக் கோட்டத்தின் வரலாறு கூறப்படுகிறது. சார்ங்கலன் என்னும் சிறுவன் சுடுகாட்டில் பேயாட்டம் கண்டு அஞ்சி ஓடி வந்து உயிர் நீக்கிறான். அவன் தாய் கோதமை, காவல் தெய்வமாகிய சம்பாபதியிடம் சென்று, என் உயிரைக் கொண்டு மகன் உயிரைத் தருக என்று வேண்டுகிறாள். அத்தெய்வம் வரம் தரவில்லை. தன்னால் ஆகாது என்பதோடு நில்லாமல், ஏனைத் தேவர் அனைவரையும் வருவித்து, எவராலும் ஆகாது என்பதை அத்தாய்க்குக் காட்டுகிறது. கடுகு கேட்டு வீடுதோறும் சென்ற கிசா கோதமியின் வரலாற்றோடு இது உடன் வைத்து எண்ணத்தக்கது.

தெய்வத்தின் பெருமை வரம் தருவதில் இல்லை, உண்மையைக் காட்டுவதில் உள்ளது என்று சாத்தனார் உணர்த்தினார். அமெரிக்கப் படமோ நட்சத்திரத்திற்கு வரந்தரும் ஆற்றலைக் கொடுத்து, பூனையைக் கொண்டு அதனை மறுக்கச் செய்கிறது. வழிகள் வேறாயினும் சேருமிடம் ஒன்றே. கேட்டுப் பெறும் உயிரால் மனிதன் நிறைவடையான். பெற்ற உயிரை அறிந்தே நிறைவடைவான்.

ஒரு தடை

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். பௌத்தமே பல பிறவிகளைப் பேசுகிறதன்றோ? ஜாதகக் கதைகள் 547 உள்ளனவன்றோ? மணிமேகலையே மணிபல்லவத்தில் தன் முற்பிறப்பை உணர்ந்தவளன்றோ? அவ்வாறாயின் ஒன்பது உயிரை நகைத்து, ஐந்நூற்று நாற்பத்தேழை ஏற்பது முறையாகுமா?

விடை மூன்று படிகளில் அமையும். முதலாவது, ஒன்பது உயிர்க் கதையில் பூனை ஒன்றே, உயிரே ஒன்பது. மேலங்கியை மாற்றுவது போல ஒருவனே உயிர்களை மாற்றிக்கொள்கிறான். பௌத்தத்தில் அத்தகைய மாறாத ஒருவன் இலன். யவன அரசன் மிலிந்தனுக்கு நாகசேனர் விளக்கின் உவமையால் இதனை விளக்கினார். முன்யாமத்தில் எரிந்த சுடரும் பின்யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றல்ல, முற்றிலும் வேறுமல்ல. ஒரு விளக்கிலிருந்து மற்றொன்றை ஏற்றினால், முன்னதிலிருந்து யாதும் பெயர்ந்து செல்வதில்லை. பெயர்ந்து செல்லும் ஆன்மா இல்லாதபோது, சேமித்து வைத்த உயிர் என்ற பேச்சுக்கு இடமேது?

இரண்டாவது, நம் ஆசிரியர்கள் இதனை ஐயத்திற்கிடமின்றி எடுத்துரைத்துள்ளனர். சென்னைப் பேராசிரியர் பொ. லட்சுமி நரசு 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பௌத்த நூலில், உடலுக்கு உடல் தாவும் ஆன்மா என்ற கொள்கையைப் பகுத்தறிவு கொண்டு மறுத்தார். அந்நூலை 1948ஆம் ஆண்டில் மீண்டும் பதிப்பிக்கச் செய்து முன்னுரை எழுதியவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1957ஆம் ஆண்டில், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், முற்பிறப்பு வினையே இப்பிறப்பின் நிலைக்குக் காரணம் என்ற கொள்கையை அவர் ஆராய்ந்து தள்ளினார். அக்கொள்கை, ஏழை எளியோரின் நிலைக்குத் தாம் பொறுப்பல்ல என்று அரசும் சமூகமும் தப்பித்துக்கொள்ளவே பயன்படும் என்பது அவர் துணிபு.

மூன்றாவது, ஜாதகங்களிலும் மணிமேகலையிலும் பல பிறவிகள் எதற்காகக் கூறப்படுகின்றன என்பதை நோக்கவேண்டும். போதிசத்துவர் எந்தப் பிறவியையும் அடுத்தது உண்டே என்று வீணடித்ததாக ஒரு கதையும் இல்லை. குரங்காக இருந்தபோது அவ்வுடலையே பாலமாக்கித் தன் கூட்டத்தைக் கரைசேர்த்தார். முற்பிறப்பை அறிந்த மணிமேகலையும் மறுபிறப்புக்காகக் காத்திருக்கவில்லை. அமுதசுரபியை ஏந்திப் பசித்தோர்க்கு உணவளித்தாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். அவளுக்குப் பிறவிகளைப் பற்றிய அறிவு இப்பிறவியின் கடமையைக் கூர்மையாக்கிற்று.

பிறர் உயிரின் கணக்கு

இதுவரை கூறியது தன்னுயிரைப் பற்றியது. படம் இவ்வளவோடு நின்றுவிடுகிறது. நாம் நிற்க இயலாது.

தனக்குப் பல உயிர் என்று நம்புகிறவன் தன்னை அழித்துக்கொள்கிறான், அது மடமை. பிறனுக்குப் பல உயிர் என்று நம்புகிறவன் பிறனை அழிக்கிறான், அது கொடுமை. பாரத நாட்டில் பல நூற்றாண்டுகளாக நடந்தது இந்த இரண்டாவது கணக்கே. முன்செய்த தீவினையால் இங்குப் பிறந்தாய். பணிந்து தொண்டு செய். அடுத்த பிறவியில் உயர்வாய் என்று நம் முன்னோர்க்குக் கூறப்பட்டது. எங்கோ ஒரு மறுபிறவி கணக்கில் எழுதப்பட்டது. அதனை ஈடாகக் காட்டிக் கையிலிருந்த ஒரே பிறவி பறிக்கப்பட்டது. பூனையை ஏமாற்றியது அதன் செருக்கு. நம்மவரை ஏமாற்றியது பிறருடைய சாத்திரம். 1898ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றதும், 1956 அக்டோபர் 14ஆம் நாள் பாபாசாகேப் நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு தீட்சை ஏற்றதும் இக்கணக்கை மறுத்த செயல்கள் என்றே நாம் கொள்கிறோம்.

அக்கணக்கு ஒழிந்துவிட்டதா? காட்கோபரில் வாழ்வோர் இவ்வினாவுக்கு விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1997 ஜூலை 11ஆம் நாள் காலை, ரமாபாய் அம்பேத்கர் நகரில் பாபாசாகேபின் சிலைக்குச் செருப்பு மாலை சூட்டப்பட்டிருந்தது. அது கண்டு கொதித்து நெடுஞ்சாலையில் கூடிய மக்கள் மீது மாநில ரிசர்வ் போலீஸ் படையினர் சுட்டதில் 10 பேர் மாண்டனர். ஆணையிட்ட அதிகாரி குற்றவாளி என்று 2009ஆம் ஆண்டில்தான் தீர்ப்பாயிற்று; அதன் பின்னும் மேல்முறையீட்டில் அவருக்குப் பிணை கிடைத்தது. எச்சரிக்கையின்றிச் சுடக்கூடிய உயிர்கள் என்று சில உயிர்களை எண்ணும் மனநிலை எங்கிருந்து வருகிறது? அவை மலிவானவை என்ற பழங்கணக்கிலிருந்தே வருகிறது.

2024 மே 13ஆம் நாள், அதே காட்கோபரின் சேடா நகரில், புயற்காற்றில் ஒரு மாபெரும் விளம்பரப் பலகை பெட்ரோல் நிலையத்தின் மேல் சாய்ந்து 17 பேர் உயிர் நீத்தனர். 40 அடிக்கு 40 அடி என்னும் மாநகராட்சி வரம்பைப் பன்மடங்கு மீறிய பலகை அது. அங்கே சாதி பார்த்துச் சாவு வரவில்லை. ஆயினும் இலாபத்தின் கணக்கில் கீழே நிற்போர் உயிர் இடம்பெறவில்லை என்பதை யார் மறுப்பர்?

கழிவுநீர்க் குழிகளில் இறங்கி நச்சுக் காற்றால் மாளும் தொழிலாளரை எண்ணுவோம். மனிதரை அவ்வாறு இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. அவ்வாறு மாண்டோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக உயர்த்திற்று. இழப்பீடு வேண்டற்பாலதே. ஆனால் தொகை உயர்ந்தும் சாவு நிற்கவில்லை. அக்குழியில் இறங்குவோர் பெரும்பாலும் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட வகுப்பினரே என்பது நாடறிந்தது. அவர்களுள் எவருக்கும் ஒன்பது உயிர் இல்லை. இறக்குகிறவர்களோ அவர்களுக்கு ஒன்பது இருப்பது போலவே நடக்கின்றனர்.

துணைவனின் பாடம்

படத்தில் மெய்யான ஆசிரியர் பூனையல்ல, அப்பெயரில்லாத நாயே என்று நாம் கருதுகிறோம். அதனை வளர்த்தவர்கள் கல்லோடு சேர்த்துக் காலுறைக்குள் இட்டு ஆற்றில் எறிந்தவர்கள். அக்காலுறையையே சட்டையாக அணிந்து திரிகிறது அந்நாய். வன்மம் கொள்ளவில்லை. மரண அச்சத்தால் பூனையின் நெஞ்சு பதைத்து மூச்சு முட்டும்போது, ஒன்றும் பேசாமல் அதன் வயிற்றின் மேல் தலைசாய்த்துக் கிடக்கிறது, பதைப்பு அடங்குகிறது. நட்சத்திரத்திடம் நீ கேட்க விரும்புவது யாது எனில், ஒன்றுமில்லை என்கிறது. சட்டையும் உண்டு, தோழரும் உண்டு, வேறென்ன வேண்டும் என்பது அதன் நிலை. எறியப்பட்டவன் வன்மத்தை ஏலாதிருப்பது பெருமையே. ஆனால் எறிந்தவர் கைகள் தடுக்கப்படவேண்டும் என்பதையும் உடன் கூறுவதே நம் தம்மம். மைத்திரி வேறு, அநீதிக்கு உடன்படுதல் வேறு.

துணைமையின் பெருமையை நம் மரபு நன்கறியும். தூய வாழ்வின் ஒரு பாதி நல்ல நட்பே என்று ஆனந்தர் கூறியபோது, பாதியன்று, முழுமையும் அதுவே என்று பகவான் திருத்தினார். வலையில் சிக்கிய அன்னவேந்தனை விட்டு எல்லாப் பறவைகளும் பறந்துபோக, சுமுகன் என்னும் படைத்தலைவன் மட்டும் அருகே நின்றான். அது கண்டு வேடன் மனம் இளகி இருவரையும் விடுத்தான் என்பது ஜாதகம். நாளாகிரி என்னும் மதயானை பகவானை நோக்கி ஓடிவந்தபோது ஆனந்தர் முன்னே சென்று நின்றார். அந்நாளைச் சுட்டியே, அன்றைய சுமுகன் இன்றைய ஆனந்தன் என்று பகவான் கூறியதாக அக்கதை முடிகிறது. ஓநாயைக் கண்ட பூனை தோழரை விட்டு ஓடிற்று, ஆனந்தர் ஓடவில்லை. தமக்கு வேறு உயிர் உண்டு என்பதால் அவர் முன்சென்றாரல்லர். இருந்த ஓர் உயிரின் மதிப்பை அறிந்தமையால்தான், அதனை எதற்காக முன்வைக்கலாம் என்பதையும் அறிந்தார்.

இங்கேதான் வேட்கையை ஒழிக்கச் சொல்லும் நெறி உயிரை மதிக்கச் சொல்வது எவ்வாறு என்ற ஐயத்திற்கும் தெளிவு பிறக்கிறது. பற்றுதல் என்பது, இது என்னுடையது, என்னை விட்டு நீங்கலாகாது என்று இறுக்கிப் பிடிப்பது. மதித்தல் என்பது, இது கிடைத்தற்கரியது, நீங்கக்கூடியது, ஆகவே இன்று நன்கு செலவிடத்தக்கது என்று அறிவது. நூறாண்டுக்கொருமுறை கடலின் மேல் எழும் குருட்டாமை, மிதந்து திரியும் நுகத்தின் துளையில் கழுத்தை நுழைப்பது எத்துணை அரிதோ, அத்துணை அரிது மானிடப் பிறவி என்றார் பகவான். அரியது என்று கூறியது பதுக்குவதற்கன்று, பயன்படுத்துவதற்கே. தனக்கு அரியது பிறர்க்கும் அரியது என்று உணர்வதே அப்பயனின் தொடக்கம்.

ஆகவே இப்படத்தைக் காணும் சிறாரைத் தடுக்க வேண்டா. கண்டு முடித்தபின் அவர்களிடம் இரண்டு வினாக்களைக் கேட்போமாக. ஒன்பது உயிர் இருந்தபோது பூனை நன்றாக வாழ்ந்ததா, ஓர் உயிர் எஞ்சியபோது நன்றாக வாழ்ந்ததா? முதல் வினாவுக்கு அவர்களே விடை கூறுவர். நம் தெருவைப் பெருக்குகிறவருக்கும், சாக்கடையில் இறங்கும்படி ஏவப்படுகிறவருக்கும், 1997 ஜூலையில் நெடுஞ்சாலையில் வீழ்ந்தவர்களுக்கும் எத்தனை உயிர்? இரண்டாம் வினாவுக்கு விடையாக ஒன்று என்று அவர்கள் கூறும்போது, அந்த ஒன்று எவ்வாறு காக்கப்படவேண்டும் என்பதைப் பெரியோராகிய நாம் அவர்களோடு அமர்ந்து பேசுவோமாக.